அவரிடம் சொன்னார்களா

ஜூலை 8, செவ்வாய்

மாரிஸ் அண்ணனுக்கு இன்று புதுப் புத்தகம் வாசிக்கத் தொடங்கினேன். வூட்ரோ வில்சனின் வாழ்க்கை வரலாறு, எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கையில் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. மெதடிஸ்ட் சர்ச்சில் பழைய பொருள் விற்ற அன்று அவர் மனைவி டொரத்தி அக்கா வாங்கி வந்தது. "தடியா இருந்துச்சுலா டீச்சர். இவருக்கு ரொம்ப நாளைக்குத் தாங்கும்னு எடுத்தேன்" என்றார். யாரைப் பற்றிய புத்தகம் என்று அவர் பார்க்கவே இல்லை.

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க அதிபரைக் கேட்க மாரிஸ் அண்ணனுக்குப் பொறுமை இருக்குமா என்று நினைத்தேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஒரு வங்கியில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டர். அவர் போனே எதையும் வாசித்துக் காட்டும். அப்புறம் நான் எதற்கு என்று ஒரு முறை கேட்டேன். "அது வாசிக்குது டீச்சர். ஆனா நான் 'அது எப்படி?'ன்னு கேட்டா பதில் சொல்லாம அடுத்த வரிக்குப் போயிடுது."

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியைக்குச் செவ்வாயும் வியாழனும் போக ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதுவே போதும்.

ஜூலை 10, வியாழன்

பத்து வயது வரை சரியாக வாசிக்கத் தெரியாத பிள்ளையாம் வில்சன். அப்பா போதகர், வீடு நிறையப் புத்தகம், பையனுக்கு எழுத்து பிடிபடவில்லை. மாலையில் அப்பா வாசிக்க, காதால் கேட்டே வளர்ந்தான். அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார் மாரிஸ் அண்ணன்.

ஜூலை 22, செவ்வாய்

எழுதியவருக்கு நல்ல கை. ஒரு மனிதரை நடக்கவிட்டு, உட்காரவிட்டு, தொப்பியைக் கழற்றவிட்டுக் காட்டுகிறார். வலது கை முடங்கியதும் வில்சன் இடது கையால் எழுதப் பழகிய இடம், சுருக்கெழுத்தில் பேச்சுக்குக் குறிப்பெடுத்துத் தானே தட்டச்சு செய்யும் இடம், எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருக்கிறது. ஒரு காலையில் எழுந்தபோது இடது கண் தெரியாமல் போனதை இன்று வாசித்தேன்.

"ஒரு கண்ணு மட்டுந்தானா?"

"ஆமா அண்ணே."

"சரி. எங்க சங்கத்துல அரை மெம்பர்."

சமையலறையில் டொரத்தி அக்கா சிரித்த சத்தம் கேட்டது.

திரும்பும்போது ரயிலில் அடுத்த அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய கிள்ளானைத் தாண்டித் தெலுக் பூலாய் போய்விட்டது. எதிர் ரயில் பிடித்து வீடு சேர்ந்தேன். "அறுபது வயசுல பள்ளிக்கூடப் பிள்ள மாதிரி ஸ்டேஷன விடுறியே" என்றார் என் வீட்டுக்காரர் ஜாவித். துணிக்கடையை மூடிவிட்டு எனக்கு முன்னால் வந்து டீ போட்டு வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று ஒரே ஒரு பத்திக்காக ஒரு மணி நேரம் போனது.

வில்சன் ஆட்சிக்கு வந்ததும் வாஷிங்டன் அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்தார்கள். அதுவரை எல்லோரும் சேர்ந்து வேலை பார்த்த அறைகளில் நடுவே தட்டி வைத்தார்கள். சாப்பிடும் இடம் தனி, கழிவறை தனி. நம் நூலாசிரியர் இதற்கு ஒதுக்கியது பதினொரு வரி. 'அந்தக் காலத்தின் குறை' என்று முடித்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ரோஜா நட்ட கதைக்குப் போய்விடுகிறார். ரோஜாவுக்கு இரண்டு பக்கம்.

மாரிஸ் அண்ணன் கையை உயர்த்தினார்.

"அந்தத் தட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்தவன் பேரு போட்டிருக்கா?"

"இல்ல அண்ணே."

"ஒருத்தன் பேரு கூடவா?"

பிறகு அவராகவே சொன்னார். வேலையில் சேர்ந்த புதிதில் வங்கியின் முன்பக்கம் இருந்த டெலிபோன் ஸ்விட்ச்போர்டைப் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கீழே மாற்றினார்கள். காற்றுகூட வராது. மேனேஜர் நல்ல மனிதர்தான், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கேக் கொடுப்பார். 'கஸ்டமர்ங்க உன்னப் பார்த்துச் சங்கடப்படுறாங்க மாரிஸ்' என்று அன்பாகத்தான் சொன்னாராம். "பதினாலு வருஷம் அங்க இருந்தேன் டீச்சர். பேங்க் ஆண்டு மலர்ல மேனேஜர் போட்டோ பெருசா வந்துச்சு."

டொரத்தி அக்கா தட்டில் பப்பாளி கொண்டுவந்து வைத்தார். அதற்கு மேல் வாசிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கடைசியில் உள்ள சொல் அட்டவணை, பின்குறிப்பு, எல்லாம் துழாவிவிட்டேன். தட்டிக்குப் பின்னால் இருந்த எவர் பெயரும் இல்லை. வில்சனின் கோல்ஃப் விளையாட்டுக்கு மட்டும் ஒன்பது பக்க எண்கள்.

புத்தகத்தின் மேல் கோபம் வந்தாலும் மூட முடியவில்லையே, அது என்ன வசியம்?

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் போனபோது மாரிஸ் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். டொரத்தி அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். மேசைத்துணி மடிப்புக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். போன மாதம் அண்ணனுக்குச் சிறுநீர்ப்பையில் சோதனை செய்த மருத்துவமனையிலிருந்து வந்தது. அக்காவுக்கு மலாய் நன்றாக வரும், டாக்டர்களின் ஆங்கிலம் வராது.

"சத்தமாப் படிக்காதீங்க. தமிழ்ல சொல்லுங்க."

படித்தேன். கட்டி புற்று வகைதான். ஆரம்ப நிலை போலத் தெரிகிறது. தாமதிக்காமல் அறுவைக்கு நாள் குறிக்க அழைக்கவும்.

அவர் அழவில்லை. அடுப்பை அணைத்தார். "நான் நினைச்சதுதான். சிவப்பாப் போறது அவருக்கு எப்படித் தெரியும் டீச்சர்? நான்தான் பார்த்தேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன். கிருமி, மாத்திரை சாப்ட்டா சரியாயிடும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"இப்பச் சொல்லிடுங்க அக்கா."

"செப்டம்பர் இருபத்தேழு பெர்னிஸ் கல்யாணம். ஒரே பொண்ணு. அப்பா கையப் புடிச்சுக்கிட்டுத்தான் சர்ச்சுக்குள்ள நடப்பேன்னு இருக்கா. இப்பச் சொன்னா இவரு கல்யாணத்தத் தள்ளி வைன்னுவாரு, அவ வேலையை விட்டுட்டு சுபாங்லேருந்து வந்து இங்க உக்காந்துடுவா. ஆறு வாரந்தான். அடுத்த நாளே நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வாயத் திறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குளியலறையில் தண்ணீர் நின்றது. தலையாட்டினேன். சரி என்று வாயால் சொல்லவில்லை, தலைதான் ஆட்டினேன். யாரை ஏமாற்றுகிறேன்? அதுவும் சொன்னதுதான்.

பிறகு நாற்பது நிமிடம் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று ஒன்றும் நினைவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதல் மனைவி இறந்த மறு வருடமே வில்சன் ஈடித் என்ற விதவையைக் காதலிக்கிறார். நாளுக்கு ஒரு கடிதம், சில நாள் இரண்டு. இந்த அத்தியாயத்தில் ஆசிரியர் தன் முழுத் திறமையையும் கொட்டியிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது அதிபர் தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற மாதிரி எழுதியிருக்கிறார். மாரிஸ் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"டொரத்தி, கேட்டியா? பிரசிடென்டே இப்படித்தான்."

"கேட்டேன், கேட்டேன். மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு. கிருமியெல்லாம் செத்துருக்கும்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

போர். சமாதான மாநாடு. தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ரயிலிலேயே பார்த்துவிட்டேன், அடுத்து என்ன வருகிறது என்று. 1919 அக்டோபர். வில்சனுக்குப் பக்கவாதம். இடப்பக்கம் விழுந்துவிடுகிறது. கதவருகே ஈடித் நிற்கிறார். எந்தக் கடிதம் உள்ளே போகலாம், எது போகக் கூடாது என்று அவரே முடிவு செய்கிறார்.

எப்படி வாசிப்பேன் இதை? அந்த வீட்டில்?

தாண்டினேன். இருபத்தாறு பக்கத்தை ஒன்றாகப் பிடித்துத் திருப்பி, அடுத்த தேர்தலிலிருந்து தொடங்கினேன். இரண்டு வரி கூடப் போகவில்லை.

"டீச்சர், என்ன விட்டீங்க?"

"ஒண்ணுமில்லையே அண்ணே."

"ஒரு தாள் திரும்புற சத்தம் வேற. கட்டாத் திரும்புற சத்தம் வேற."

பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவள். பிள்ளைகள் இப்படிச் சொன்னால் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அவர் முகத்தைத் திருப்பிச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், நான் இன்னும் ஏதோ சொல்லப்போவதுபோல.

"சரி. வியாழக்கிழமை பிரிச்சு எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

ஜாவித்திடம் சொல்லிவிட்டேன். துணி அளந்துகொண்டே கேட்டார். "அவங்க குடும்பம், அவங்க விஷயம். நீ ஏன் நடுவுல?" நானா போய் நடுவுல உக்காந்தேன்? கடுதாசியக் கையில குடுத்தா நான் என்ன செய்யிறது? கண்ணு தெரியாதவர் முன்னாடி போய், எல்லாந் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, வில்சன் காதலிச்சான் கண்ணடிச்சான்னு... ச்சீ.

கத்திவிட்டேன். கடையில் ஓர் அம்மாள் புடவையைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

அவர் போன பிறகு ஜாவித் சொன்னார்: "எனக்கு இப்படி ஒரு கடுதாசி வந்தா என்கிட்ட சொல்லிடு. மறைக்காத." துணியை மடித்து அடுக்கில் வைத்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தியாயத்தை முதலிலிருந்து வாசித்தேன், ஒரு வரி விடாமல். நரம்புத் தளர்ச்சி, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் நாட்டுக்கு அறிவிக்கிறார். அமைச்சர்கள் வந்தால் ஈடித் வெளியே வந்து பேசுகிறார், உள்ளே போய்ப் பதிலோடு திரும்புகிறார். இரண்டு செனட்டர்கள் நேரில் பார்த்தே தீருவோம் என்று வந்தபோது அறையை இருட்டாக்கி, விளங்காத இடது கையைப் போர்வைக்குள் மறைத்து வைக்கிறார்கள். ஆசிரியர் இதையெல்லாம் மிக மென்மையாக, மிக அழகாக எழுதுகிறார். ஒரு மனைவியின் அன்பு என்கிறார்.

"அன்பா?" மாரிஸ் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாட்டுக்கே தலைவன் படுத்துக் கிடக்கான். அத மறைக்கிறது அன்பா?"

டொரத்தி அக்கா அகப்பையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "புருஷன் சாகக் கிடக்கான். அவ நாட்டையா பார்ப்பா?"

"நாட்ட விடு. அவன்கிட்ட சொன்னாங்களா? டீச்சர், அவனுக்கு எவ்வளவு மோசம்னு அவன்கிட்ட சொன்னாங்களா?"

தேடினேன். முன்னும் பின்னும் புரட்டினேன். டாக்டர்கள் ஈடித்திடம் பேசியது இருக்கிறது. ஜன்னல் திரையின் நிறம் இருக்கிறது. படுத்திருந்தவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இல்லை.

"இதுல இல்ல அண்ணே."

"எழுநூறு பக்கம் எழுதினவன் அத விட்டுட்டானா?"

"சொல்லல" என்றார் டொரத்தி அக்கா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லலயே." குரல் உடைந்தது. "உங்ககிட்ட நான் சொல்லலயே."

மாரிஸ் அண்ணனின் கை நாற்காலிப் பிடியில் இருந்தது. அசையவில்லை.

"கிருமி இல்லையா?"

"இல்ல."

"லெட்டர் வந்துச்சா?"

அக்கா கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அவர் அதைத் தடவிப் பார்த்து என் பக்கம் நீட்டினார். வாசித்தேன். முடித்ததும் தேதியை மறுபடி கேட்டார். பிறகு, "டீச்சருக்கு எப்பத் தெரியும்?"

"பதினாலாம் தேதி."

விரல்விட்டு எண்ணினார். "அதுக்கப்புறம் இன்னிக்கோட நாலு தடவை வந்து உக்காந்தீங்க."

"அண்ணே—"

"ட்ரெயினுக்கு நேரமாச்சு டீச்சர்."

படியிறங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு இறங்கினேன், அக்காவிடம் கத்துவாரோ என்று. எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் அவரே போன் செய்தார். மருத்துவமனையை அழைத்துவிட்டாராம், அடுத்த வாரம் நாள் சொல்வார்கள். பெர்னிஸிடமும் சொல்லியாயிற்று. கல்யாணம் தள்ளிப்போகவில்லை. தள்ளி வைக்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லையாம்.

மன்னிப்புக் கேட்டேன்.

"டொரத்தி பயந்துட்டா. அவ பொண்டாட்டி, பயப்படலாம். சண்டை போட்டேன், முடிஞ்சிருச்சு. நீங்க வாசிக்க வந்தவங்க. வாசிக்கிறவங்களே ஒளிச்சா நான் எங்க போவேன்?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கொஞ்ச நாளைக்கு வர வேணாம் டீச்சர்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

போகவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

போகவில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு மீதியை வாசித்து முடித்தேன்.

நல்ல புத்தகமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? நல்ல புத்தகம்தான். அந்த மனிதரோடு இரண்டு மாதம் வாழ்ந்துவிட்டேன். கடைசியில் அவர் ஒரு கையைத் தொங்கவிட்டபடி தடியூன்றி வெள்ளை மாளிகையை விட்டுப் போகிற இடத்தில் அழுகை வந்தது, அவர் செய்ததெல்லாம் தெரிந்தும். எழுதியவர் வில்சனை நேசித்தார். நேசித்ததால்தான் நம்மையும் பக்கத்தில் கூட்டிப்போக முடிந்தது. நேசித்ததாலேயே, அவருக்குச் சங்கடம் வரக்கூடிய கதவெல்லாம் சாத்தியே கிடக்கிறது. தட்டிக்குப் பின்னால் இருந்தவர்கள் வாசித்தால் என்ன நினைப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. படுக்கையில் கிடந்தவர் என்ன கேட்டிருப்பார் என்றுகூட யோசிக்கவில்லை.

இதை எழுதுகிற தகுதி எனக்கு இருக்கிறதா? நான் விட்டது இருபத்தாறு பக்கமும் ஒரு கடிதமும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாரிஸ் அண்ணனின் போன்.

"வியாழக்கிழமை அட்மிஷன், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஃபாரம் குடுப்பாங்க. டொரத்தி வாசிச்சா அழுவா. பெர்னிஸ் வேகமாப் போயிடுவா, பயப்படற வார்த்தைய முழுங்கிடுவா. நீங்க வர்றீங்களா?"

"வரேன் அண்ணே."

"ஒரு வரி விடக் கூடாது."

"விட மாட்டேன்."

செப்டம்பர் 11, வியாழன்

ஆறு பக்கப் படிவம். தாதி நல்ல பெண், ஆனால் அவசரம். "ஆன்டி, சுருக்கமாச் சொல்லிட்டு சைன் வாங்கிடுங்க, போதும்" என்றாள். மாரிஸ் அண்ணன் அவள் பக்கம் திரும்பி, "முழுசா வாசிக்கட்டும்மா, நான் எங்கயும் ஓடிப் போகல" என்றார்.

வாசித்தேன். ரத்தம் கசியலாம். கிருமி தொற்றலாம். சிறுநீர்ப்பையில் ஓட்டை விழலாம். மறுபடி வளரலாம். மயக்க மருந்தால் இதயம் நிற்கலாம், அரிதாக. அந்த 'அரிதாக'வை நான் சற்று அழுத்தி வாசித்துவிட்டேன் போலிருக்கிறது.

"அத எழுதியிருக்கிற மாதிரியே வாசிங்க."

மறுபடி வாசித்தேன், எழுதியிருக்கிற மாதிரியே. டொரத்தி அக்கா கட்டிலின் மறுபக்கம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து போகவில்லை. 'மறுபடி வளரலாம்' என்பதை இன்னொரு முறை சொல்லச் சொன்னவர் அவர்தான்.

கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் மாரிஸ் அண்ணனின் விரலைக் கொண்டுபோய் வைத்ததும் அவர்தான்.

நான் கிளம்பியபோது அண்ணன் கையை நீட்டினார். பிடித்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பிற்பகல் இரண்டு மணிக்கு டொரத்தி அக்காவின் போன். முடிந்துவிட்டது. கண் விழித்ததும் முதல் கேள்வி, எத்தனை மணி. இரண்டாவது, என்னென்ன எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

செப்டம்பர் 27, சனி

பெர்னிஸ் கல்யாணம். நானும் ஜாவித்தும் போயிருந்தோம். அப்பாவும் மகளும் கைகோத்துச் சர்ச்சுக்குள் வந்தார்கள். அண்ணன் இளைத்திருந்தார், கோட்டு தோளில் தொங்கியது. நடை மட்டும் நேராக இருந்தது. கட்டியின் சோதனை முடிவு இந்த வாரம்தான் வந்ததாம். வேர் ஆழமாக இறங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மண்டபத்தில் விருந்து. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் எல்லோருக்கும் கைகொடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டெலிபோன் குரல் மண்டபத்தின் பாதிக்குக் கேட்டது. "வாங்க, வாங்க. எனக்குக் கேன்சர். எடுத்தாச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேமரா விட்டுப் பார்ப்பாங்க. உள்ள போய்ச் சாப்பிடுங்க."

வந்தவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் டொரத்தி அக்காவைப் பார்த்தார்கள். பட்டுப்புடவையில் பக்கத்திலேயே நின்றிருந்தார். அண்ணனின் தோளைத் தட்டுவார், பேச்சை மாற்றுவார் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு சின்னக் கட்டிதான்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார் யாரிடமோ.

"ரெண்டு" என்றார் டொரத்தி அக்கா. "ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. சரியாச் சொல்லுங்கலா."